பதினோரு விநாடிக் குத்து

உட்காருங்கள், இந்த நாற்காலியில் யாரும் இல்லை. பை என்னுடையதுதான், மடியில் வைத்துக்கொள்கிறேன். உங்கள் டோக்கன் எத்தனை? இருபத்திரண்டா? அப்படியென்றால் சாவகாசமாகவே உட்காரலாம். பத்து மணிக்கு வரச் சொல்லிவிட்டுப் பதினொன்றே காலுக்குக் கதவைத் திறக்கிற ஆஸ்பத்திரி இது. கேட்டால், "டாக்டர் ஆபரேஷன்ல இருக்கார் மேடம்" என்கிறாள் அந்தக் கவுன்ட்டர் பெண். ஆபரேஷன் இருப்பது நேற்றே தெரியாதா? எனக்குக் காத்திருப்பது ஆகாது. குக்கரை இரண்டாவது விசிலில் இறக்கிவிட்டு, பருப்பு வேகவில்லை என்று குக்கரைத் திட்டுகிற ரகம் நான்.

யாருக்குக் காட்ட வந்தீர்கள், வீட்டுக்காரருக்கா? அந்த மூலையில் பேப்பர் படிக்கிறவரா? பாவம், நல்ல மனுஷராகத் தெரிகிறார்.

எனக்கு ஒன்றுமில்லை. என் பெண்ணுக்கு. அதோ, கண்ணாடி வழியாகப் பாருங்கள். பெரிய ஹெட்போன் மாட்டிக்கொண்டு சின்ன அறைக்குள் உட்கார்ந்திருக்கிறாளே, பச்சைக் குர்தா, அவள்தான். நிரஞ்சனா. இருபத்தைந்து முடிந்துவிட்டது. வெளியே மெஷின் முன்னால் இருக்கிற வெள்ளைக் கோட்டுப் பெண் சின்னதாக ஒரு சத்தம் அனுப்புவாள். கேட்டால் நிரு கையில் இருக்கும் பட்டனை அழுத்த வேண்டும். மெஷினில் விளக்கு எரியும். அவ்வளவுதான் பரீட்சை. வலது காதுக்கு டக் டக்கென்று எரிந்தது. இப்போது இடது காது. நானும் நாலு நிமிடமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், விளக்கு எரியவே மாட்டேன் என்கிறது.

பதறவில்லை, நான் எங்கே பதறுகிறேன். வேறு பெண்ணாக இருந்தால், ஒரு காது மந்தம்தானே, நாளைக்கு மாமியார் பேசுவது பாதிதான் விழும், புண்ணியமாகப் போயிற்று என்று விட்டுவிடலாம். இவள் பிழைப்பே காதில் இருக்கிறது. சினிமாவுக்குச் சத்தம் செய்கிறாள். இடது காது திரும்பாவிட்டால் கையில் இருக்கிற படம் போய்விடும். படம் என்ன படம், தொழிலே போய்விடும். ஒற்றைக் காதோடு வருகிறவளுக்கு எந்த ஸ்டுடியோவில் நாற்காலி போடுவார்கள்? அந்தோணி சார், அவர்தான் ஸ்டுடியோவில் எல்லாச் சத்தத்தையும் சேர்த்துக் கலக்குகிறவர், இவளுக்கு மேலே இருப்பவர், திங்கட்கிழமைவரை பொறுக்கிறேன் என்றிருக்கிறார். இன்றைக்கு வியாழன்.

எந்த நடிகரைப் பார்த்திருக்கிறாள் என்றுதானே கேட்க வந்தீர்கள்? எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். ஒருத்தரையும் பார்த்ததில்லை. அவள் பார்ப்பதெல்லாம் முஷ்டி, முழங்கால், மூக்கு நுனியிலிருந்து தெறிக்கிற வியர்வை. சண்டைக் காட்சிதான் அவளுக்கு. அதிலும் ஸ்லோ மோஷன். மற்றதெல்லாம் வேறு ஆட்கள்.

என்ன பெரிய வேலை என்று நானும்தான் கேட்டேன். கதாநாயகன் கையை ஓங்கிக் குத்துகிறான். நிஜத்தில் அரை நொடி. படத்தில் பதினோரு விநாடி. எண்ணிப் பாருங்கள், பதினோரு விநாடி. நான் ஒரு வெங்காயத்தை உரித்துவிடுவேன். அத்தனை நேரமும் அந்தக் கை காற்றில் மிதந்து வந்துகொண்டே இருக்கும், அந்த வில்லனும் நகர்ந்து தொலைக்காமல் அங்கேயே நிற்பான். "அந்தப் பதினோரு விநாடிக்கும் சத்தம் வேணும்மா, இல்லேன்னா தியேட்டர்ல கொட்டாவி விடுவாங்க" என்றாள்.

படம் எடுக்கும்போதே சத்தத்தையும் பிடித்தால் என்ன என்று கேட்டேன். சிரித்தாள். "நிஜச் சத்தத்தை அப்படியே மெதுவாக்கினா கூழ் மாதிரி குழைஞ்சுடும்மா. மாடு முனகற மாதிரி வரும். புதுசாத்தான் செய்யணும்."

அதற்கு லேப்டாப்பில் ஒரு சிந்தசைசர் வைத்திருக்கிறாள். வாத்தியம் என்று நினைத்துவிடாதீர்கள், கட்டை கிட்டை எதுவும் கிடையாது. எல்லாம் திரையில். நம் பழைய ரேடியோவில் இரண்டு திருகு இருக்குமே, அதுமாதிரி நாற்பது. மவுஸால் பிடித்துத் திருகிக்கொண்டே இருப்பாள். முதலில் 'ஊ' என்று ஒரு மொட்டைச் சத்தம். அதன் மேல்பக்கத்தைச் சீவுவாள். அடியைக் கனமாக்குவாள். மேலேயிருந்து கீழே வழுக்கி இறங்குகிற மாதிரி இழுப்பாள். கேட்டுவிட்டு, முகத்தைச் சுளித்து, மறுபடி முதலிலிருந்து. காலை எட்டரைக்கு ஆரம்பித்தால் மதியம் ஒன்றரைக்கு ஒரு குத்தின் காற்று மட்டும் ரெடியாகும். சாப்பாட்டுக்கு அப்புறம்தான் முஷ்டி.

என் சமையலறை அவள் அறைக்கு அடுத்த சுவர். மேடையில் கவிழ்த்து வைத்த எவர்சில்வர் மூடியெல்லாம் ஜிலுஜிலுவென்று நடுங்கும். எத்தனை நாள் பொறுப்பது? "ஸ்பீக்கரை அணைச்சுட்டு அந்த ஹெட்போனை மாட்டிக்கோடி" என்று நான்தான் சொன்னேன். ஸ்பீக்கரில்தான் சரியாகத் தெரியும் என்று முனகினாள். இது வீடா, பட்டறையா என்று கேட்டேன். மாட்டிக்கொண்டாள். அதற்கப்புறம் எப்போது பார்த்தாலும் ஹெட்போன்தான். கூப்பிட்டால் திரும்புவதில்லை. பின்னே, காது என்ன ஆகும்?

இருங்கள். அழுத்தினாளா? இல்லை. கன்னத்தில் விழுந்த முடியை ஒதுக்கிவிட்டுக்கொள்கிறாள். அந்த வெள்ளைக் கோட்டுப் பெண் முகத்தில் எதையாவது காட்டுகிறாளா பாருங்கள். கருங்கல்லில் செய்த முகம்.

ஜனவரியிலிருந்து இந்தப் படம்தான். கடைசிச் சண்டை முழுவதும் இவளிடமே கொடுத்திருக்கிறார்கள், முதல்முறையாக. தனிப் பெயர் போடுவார்கள் என்று அந்தோணி சார் சொன்னாராம். அன்றைக்கு வீட்டுக்குள் நடக்கவில்லை, மிதந்தாள். அப்புறம் என் சமையலறையைக் கொள்ளையடிக்க ஆரம்பித்தாள். சிந்தசைசர் மட்டும் போதாதாம், உயிருள்ள சத்தத்தையும் அதற்குள் ஊற்றி அரைக்க வேண்டுமாம். முருங்கைக்காயை ஒடித்தால் விலா எலும்பு. ஈரத்துண்டைச் சுவரில் அடித்தால் தோள்பட்டை. ஒரு கிலோ முருங்கைக்காய். சாம்பாருக்குக் கேட்டால், "எல்லாம் வில்லனுக்குள்ள போயிடுச்சும்மா" என்கிறாள். நான் எதுவும் சொல்லவில்லையே. நான் என்ன கொடுமைக்காரியா? கொஞ்சம் சத்தமாகப் பேசுவேன், அவ்வளவுதான்.

சொல்லப் போனால் பேச்சுதான் என் சொத்து. வேலூரில் கன்னியாஸ்திரிகளிடம் பன்னிரண்டு வருடம் படித்தவள். காலை அசெம்பிளியில் பிரார்த்தனை வாசிப்பது நான்தான். பேச்சுப் போட்டியில் மூன்று வருடம் தொடர்ந்து முதல் பரிசு. சிஸ்டர் பெனடிக்டா என்று ஒருவர், மேலே பால்கனியில் நின்றுகொண்டு, "சுகுணா, கடைசி வரிசையில இருக்கிற பொண்ணுக்கும் கேட்கணும்" என்பார். மைக் இல்லாமல் கேட்க வைத்தேன். அந்தக் குரல் இது. ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் என் வயிற்றெரிச்சலே அங்கேதான் இருக்கிறது.

போன வாரம் செவ்வாய்க்கிழமை. என் நாத்தனார் மல்லிகா கிரகப்பிரவேசப் பத்திரிகை கொடுக்க வந்திருந்தாள். வேளச்சேரியில் மூன்று பெட்ரூம். அதில் ஒன்று துணி காயப்போட மட்டும் என்கிறாள். அவள் வந்தால் எனக்கு முதுகு தானாக நிமிர்ந்துவிடும். நல்ல கோப்பையில் காபி கொடுத்தேன். அவள் சும்மா இருக்கிறாளா? "நிரு, ஏதோ சினிமாவுல சத்தம் போடறியாமே, அத்தைக்கும் கொஞ்சம் போட்டுக் காட்டேன்."

நிருவுக்கு அன்றைக்குத் தலைகால் புரியவில்லை. வில்லன் கத்துகிற இடத்தை அப்போதுதான் முடித்திருந்தாள். குத்து விழுவதற்கு முன்னால் அவன் வாயைத் திறக்கிறான், ஒன்பது விநாடி திறந்தே இருக்கிறான், அதற்கு ஒரு உறுமல். ஸ்பீக்கரில் வைத்தாள்.

எப்படிச் சொல்வது அதை? அடிவயிற்றிலிருந்து ஒரு கரகரப்பு கிளம்புகிறது. தகர ஷட்டரை இழுப்பது மாதிரி நடுவில் ஒரு கீச்சு. அப்புறம் நாக்கு இழுபட்டு ஒரு ஆ, முடியவே முடியாத ஒரு ஆ. எனக்கே மயிர் சிலிர்த்தது. மல்லிகா கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள்.

"அம்மாடி. எந்த மிருகம்டி இது?"

"கண்டுபிடிங்க அத்தை."

"புலியா?"

"கிட்ட வந்துட்டீங்க."

"யானைக்கு மதம் பிடிச்சா இப்படித்தான்..."

"எங்கம்மா அத்தை."

ஆமாம். நான். போன மாதம் ஒரு நாள் அடுப்பை அணைக்காமல் போய்விட்டாள் என்று கத்தினேன். அதைத் திருட்டுத்தனமாக ஃபோனில் பிடித்து வைத்திருக்கிறாள். பெற்றவளின் குரலை. சிந்தசைசருக்குள் போட்டு நாலு மடங்கு இழுத்து, சுருதியைக் கொஞ்சம் இறக்கினாளாம். "வேற எதுவுமே சேர்க்கலை அத்தை. அம்மாவே போதும்." சொல்லிவிட்டு முதலில் அசலைப் போட்டாள். "ஏன்டி மூதேவி, அடுப்பை உங்கப்பனா வந்து அணைப்பான்?" என் குரல், தெள்ளத் தெளிவாக. அப்புறம் இழுத்தது. அப்புறம் மறுபடி அசல். மறுபடி இழுத்தது.

மல்லிகா சிரித்த சிரிப்பில் சோபா ஆடியது. "அண்ணி, கடைசியில நீங்கதான் வில்லனா?" சரி, அதைக்கூட விட்டேன். நானும் சிரித்தேன், வாயளவில். ஆனால் கண்ணைத் துடைத்துக்கொண்டே சொன்னாள் பாருங்கள்: "இதை எங்கண்ணனுக்குப் போட்டுக் காட்டிடாதடி. மாசம் ஒரு தடவை வரதையும் நிறுத்திடுவார்."

அவருக்கு ஓசூரில் வேலை. பெரிய பொறுப்பு. மாசத்துக்கு ஒரு தடவை இல்லை, இரண்டு தடவை வருகிறார், வராத மாதம் வேலை அதிகம் என்று அர்த்தம். பதினோரு வருடமாக அப்படித்தான் ஓடுகிறது, யாருக்கும் எந்தக் குறையும் இல்லை. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? சொல்லுங்கள். மல்லிகா வாய் ஊரறிந்தது, நான் அவளைச் சொல்லவில்லை.

நிரு அதற்குச் சிரித்தாள்.

விளக்கு எரிந்ததா? இப்போது ஏதோ எரிந்த மாதிரி... ஒன்றுதான். ரொம்பச் சத்தமாக அனுப்பியிருப்பாள். சரி, ஒன்றாவது எரிந்ததே.

எங்கே விட்டேன்? ஆமாம். மல்லிகாவை லிஃப்ட்வரை கொண்டுபோய் விட்டுவிட்டுத் திரும்பினேன். மணி நாலேகால். உள்ளே வந்தால் மறுபடியும் அதே உறுமல். முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்து, என்னை ஒன்பது விநாடிக்கு இழுத்துக்கொண்டிருக்கிறாள். முடிவில் கொஞ்சம் வெட்ட வேண்டுமாம். "அம்மா, அத்தை முகத்தைப் பாத்தியா, செம எஃபெக்ட் இல்ல?" என்று அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டு கேட்கிறாள்.

ஒரு தட்டுத் தட்டினேன்.

கன்னத்தில்தான். நாற்காலியைப் பிடித்துத் திருப்பிவிட்டு, கன்னத்தில் ஒன்று. கொஞ்சம் பின்னால் பட்டிருக்கலாம். கை வருகிற நேரம் பார்த்துத் தலையைத் திருப்பினாள், அதற்கு நான் என்ன செய்ய? ஒரு நொடி. ஒரு நொடிகூட இல்லை. அவள் வேலையில் வேண்டுமானால் அதைப் பதினோரு விநாடியாக நீட்டிக்கொள்ளலாம், என் வீட்டில் அது ஒரு நொடிதான். எங்களைக் கான்வென்ட்டில் ஸ்கேலால் முட்டியிலேயே போட்டார்கள். வீட்டுக்கு வந்து சொன்னால் இன்னும் இரண்டு விழும். நாங்களெல்லாம் கெட்டா போய்விட்டோம்?

அழவில்லை அவள். அழுதிருந்தால் எனக்கும் மனசு இளகியிருக்கும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு அப்படியே இருந்தாள். தூரத்தில் யாரோ கூப்பிடுகிறார்கள், என்ன பெயர் என்று உற்றுக் கேட்கிற மாதிரி. அப்புறம், "அம்மா, குக்கர் ஏதாவது வெச்சிருக்கியா? விசில் வருது" என்றாள். வைக்கவில்லை. "எல்லாம் உன் சத்தப் பெட்டியிலேர்ந்துதான் வரும்" என்று சொல்லிவிட்டுக் கோப்பைகளைக் கழுவப் போய்விட்டேன்.

ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? உங்கள் வீட்டில் யாரும் பிள்ளையைத் தொட்டதே இல்லையா?

அதற்கப்புறம் என்னோடு பேச்சு கிடையாது. தட்டை வைத்தால் சாப்பிடுவாள். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு வேலை. வெள்ளிக்கிழமை மொத்தச் சண்டையையும் முடித்து அனுப்பினாள். சனிக்கிழமை காலையில் அந்தோணி சார் ஃபோன். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசினாள், அதனால் எனக்கும் கேட்டது. "என்னம்மா, எல்லாத்தையும் இடது பக்கமே ஏத்தி வெச்சிருக்கே? வலது பக்கம் ஆள் இல்லாத தெரு மாதிரி கிடக்கு." இவள் இரண்டும் சரியாகத்தானே இருந்தது சார் என்கிறாள். திரும்பக் கேட்டுப் பார்க்கச் சொன்னார். சரியாகத்தான் இருக்கிறது என்கிறாள். அப்போது அவர் ஒன்று சொன்னார்: "ஹெட்போனைத் திருப்பிப் போட்டுக் கேளு."

திருப்பிப் போட்டாள். இடதை வலதில், வலதை இடதில். மறுபடி ஓட விட்டுக் கேட்டாள். அப்புறம் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, "சார், எனக்கு ஒரு பக்கம் கேட்கலை சார்" என்றாள். எனக்கில்லை, ஃபோனுக்குச் சொன்னாள். இத்தனை நாளும் கேட்காத காதுக்கு ஈடுகட்டி ஈடுகட்டி அந்தப் பக்கத்தை ஏற்றிக்கொண்டே போயிருக்கிறாள், தனக்கே தெரியாமல்.

நான் விடுவேனா? ஃபோனைப் பிடுங்கி அந்தோணி சாரை நன்றாகக் கேட்டேன். "பதினாலு மணி நேரம் ஹெட்போன் மாட்ட வெச்சு என் பொண்ணு காதைக் கெடுத்துட்டீங்களே, உங்க வீட்டுப் பொண்ணா இருந்தா செய்வீங்களா?" மனுஷன், "காதைக் காட்டுங்கம்மா, திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கள்வரைக்கும் வேற யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்றார். வைத்துவிட்டார். ஹெட்போனை பீரோவில் வைத்துப் பூட்டினேன். நல்லெண்ணெயை வெதுவெதுப்பாகக் காய்ச்சி இரண்டு சொட்டு விட்டேன். ஞாயிறு, திங்கள் பார்த்தேன், இறங்கவில்லை. இங்கே தேதி கிடைத்தது இன்றைக்குத்தான்.

உங்கள் வீட்டுக்காரருக்கு எப்படி வந்தது?

தூங்கி எழுந்தவருக்கு ஒரு காது இல்லை. அப்படியேவா? திடீரென்றா? ஜலதோஷம் என்று விட்டுவிட்டீர்கள். நாமெல்லாம் அப்படித்தான். எத்தனை நாள் கழித்து வந்தீர்கள்? நாற்பது நாளா. என்ன சொன்னார் டாக்டர்?

ஓ.

இல்லை, கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். திடீரென்று போனது என்றால் இரண்டு வாரத்துக்குள் வந்திருக்க வேண்டும் என்றாரா. மாத்திரையிலேயே திரும்ப வாய்ப்பு இருந்தது, நாள் தள்ளத் தள்ளக் குறைந்துவிடும் என்றாரா. அடடா. அதுதான் அவர் பேப்பரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரா.

ஆனால் இவளுடையது அப்படியில்லை. இவளுடையது ஹெட்போன். கொஞ்சம் கொஞ்சமாக அரித்திருக்கும்.

செவ்வாய்க்கு முன்னாலா? முன்னால் என்ன? நன்றாகத்தான் கேட்டது. நன்றாக என்ன நன்றாக, பாம்புக் காது. ஹெட்போன் மாட்டாத நேரத்தில் நான் அடுக்களையில் வாய்க்குள் முணுமுணுத்தால் அறையிலிருந்து பதில் வரும். திங்கட்கிழமைகூட, ஃபிரிஜ்ஜிலிருந்து ஏதோ சுருதி மாறி வருகிறது, மெக்கானிக்கைக் கூப்பிடு என்றாள். எனக்கு எதுவும் கேட்கவில்லை. மெக்கானிக் வந்து பார்த்தால் உள்ளே விசிறி உரசுகிறது...

திங்கட்கிழமை என்றால் செவ்வாய்க்கு முதல் நாள். ஆமாம்.

ஏன் இப்படிக் குடைந்து குடைந்து கேட்கிறீர்கள்? நீங்கள் டாக்டரா? டாக்டரே அவ்வளவு கேட்கவில்லை. கதவைத் திறந்ததும் முதலில் ஒரு தடவை பார்த்தார், விளக்கை விட்டு உள்ளே பார்த்துவிட்டு, "ஜவ்வு நல்லாத்தான் இருக்கு, கிழியலை" என்றார். அப்புறம், "அடி ஏதாவது பட்டுதாம்மா?" என்று கேட்டார். அவளைப் பார்த்துத்தான் கேட்டார். அவள் பதில் சொல்ல யோசிப்பதற்குள் ஊரே தூங்கிவிடும், அதனால் நான் சொன்னேன், "அதெல்லாம் இல்லை டாக்டர், சத்தத்துலேயே வேலை." அவள் என்னை ஒரு தடவை பார்த்தாள். அப்புறம் மேஜையைப் பார்த்தாள். "அப்படின்னா மருந்து பெருசா எதுவும் கிடையாதும்மா. டெஸ்ட் பார்ப்போம். வேலையை மாத்திக்கறதுதான் வழி" என்று எழுதிக்கொண்டார். நான்கூட நினைத்தேன், போகட்டும், வேறு நல்ல வேலை கிடைக்காதா இவளுக்கு, பி.இ. படித்திருக்கிறாள்.

ஃபாரத்திலும் நான்தான் எழுதினேன். என் கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும், அந்தக் கவுன்ட்டர் பெண்ணே சொன்னாள். எப்போதிலிருந்து என்ற இடத்தில் ஆறு மாதம் என்று போட்டேன். எப்படி ஆரம்பித்தது என்ற இடத்தில் படிப்படியாக. காயம், அடி என்ற இடத்தில் இல்லை.

வேறு என்ன எழுதுவது? சொல்லுங்கள். பெற்ற பெண்ணை நானே... என்று ஒரு கவுன்ட்டரில் நின்று எழுதிக் கொடுக்கவா? நாளைக்கு அது எங்கெல்லாம் போகும்? ஓசூருக்குப் போகும். வேளச்சேரிக்குப் போகும். மல்லிகாவுக்கு மூன்றாவது பெட்ரூமில் உட்கார்ந்து சொல்லிச் சொல்லிச் சிரிக்க ஆயுசுக்கும் கதை. ஒரு தட்டு. ஒரு தட்டுக்கு யாராவது காது போகுமா?

என்னைப் பார்க்காதீர்கள். எத்தனை நாள் என்று நீங்கள் எண்ண வேண்டாம், எனக்கே எண்ணத் தெரியும். செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு, திங்கள், செவ்வாய், நேற்று. ஒன்பது. ஒன்பது முடிந்து இன்று.

முடிந்துவிட்டது போலிருக்கிறது. வெள்ளைக் கோட்டுப் பெண் காகிதத்தை உருவுகிறாள். நிரு இன்னும் பட்டனைக் கையிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள் பாருங்கள், இன்னொரு சத்தம் வரும் என்று. போதும், எழுந்து வா என்று யாராவது சொன்னால்தானே. அந்தப் பெண் ஃபைலை எடுத்துக்கொண்டு டாக்டர் அறைக்குத்தான் வருகிறாள்.

எங்கே எழுந்துவிட்டீர்கள்? உங்கள் நம்பரை இன்னும் கூப்பிடவில்லை. அவளிடம் உங்களுக்கு என்ன பேச்சு? மேடம், அது எங்கள் ஃபைல். பொழுது போகாமல் உங்களிடம் ஏதோ சொன்னேன் என்பதற்காக, முன்பின் தெரியாத நீங்கள்...

உட்காருங்கள். உட்காருங்கள் என்கிறேன். நானே போகிறேன். இந்தப் பையை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சிஸ்டர். உங்களைத்தான், ஒரு நிமிடம் நில்லுங்கள். நிரஞ்சனாவின் அம்மா. அந்த ஃபைலை உள்ளே கொண்டு போவதற்கு முன்னால் ஃபாரத்தில் ஒன்று மாற்ற வேண்டும். டாக்டர் அவசரமாகப் போக வேண்டியிருந்தால் போகட்டும், இதை மாற்றாமல் அவரிடம் கொடுக்காதீர்கள். ஆறு மாதம் என்று இருக்கிறதே, அதை எடுத்துவிடுங்கள். ஒன்பது நாள். போன வாரம் செவ்வாய்க்கிழமை, சாயங்காலம் நாலேகால். படிப்படியாக இல்லை, திடீரென்று. ஆமாம், நான்தான் எழுதினேன். நான்தான் மாற்றவும் சொல்கிறேன். முதலில் ஏன் அப்படி எழுதினேன் என்பதை எல்லாம் அப்புறம் கேளுங்கள்.

காரணமா.

அவளைக் கேட்காதீர்கள், சிஸ்டர். பாருங்கள், கண்ணாடிக்குள்ளிருந்து தலையை ஆட்டுகிறாள், வேண்டாம் என்று. நாம் பேசுவது ஒரு எழுத்துகூட அந்த அறைக்குள் போகாது. என் வாயைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டாள். ஆட்டட்டும். அவளுக்கு என்ன தெரியும், படம் போகும் என்றாலும் ஆட்டிக்கொண்டுதான் இருப்பாள். நீங்கள் என்னைப் பார்த்து எழுதுங்கள்.

அடி. கையால். கன்னத்தில் இல்லை, காதில். அவள் தலையைத் திருப்பவில்லை, அசையாமல்தான் உட்கார்ந்திருந்தாள்.

யார் என்று எழுத அதில் இடம் இல்லையா? அப்படியானால் ஓரத்தில் எழுதுங்கள். டாக்டர் கண்ணில் படுகிற மாதிரி, பெரிதாக. அம்மா.